விண்டோஸ் எக்ஸ்பி காலத்து பில் புரோகிராமை லினக்ஸில ஓட்டலாமா?

உவர்மலையான்:
என்.சி. வீதியில மாமாட ஹாட்வெயார் கடை. பில் புரோகிராம் விஷுவல் பேசிக் 6இல (விபி 6) எழுதினது, டேட்டா மைக்ரோசொஃப்ட் ஆக்சஸில, சாமான் பெயரெல்லாம் யுனிகோட் இல்லாத பாமினி ஃபொண்டில. எழுதினவர் வெளிநாடு போயிட்டார், சோர்ஸ் கோட் இல்லை. எக்ஸ்பி மெஷின் சாகக் கிடக்கு. இன்னொரு மெஷினில விண்டோஸ் 10 இருக்கு, டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் இல்லாததால 11 ஏறாது. லினக்ஸ் போட்டு, விண்டோஸ் புரோகிராமை அதில ஓட்ட விடுற வைனில ஓட்டினா என்ன?

கோணேசர்பூமி:
தாராளமா. 32 பிட் பிரிஃபிக்ஸ் (வைன் விண்டோஸ் மாதிரி வைச்சிருக்கிற ஃபோல்டர்) ஒண்டு உருவாக்கி, வைன்ட்ரிக்ஸ் எண்ட உதவி ஸ்கிரிப்டால, புரோகிராமுக்கும் ஆக்சஸ் டேட்டாவுக்கும் வேண்டிய விபி6ரன், எம்டாக்28, ஜெட்40 மூண்டையும் போடுங்கோ. பாமினி ஃபொண்டை அந்த பிரிஃபிக்ஸுக்குள்ள இருக்கிற விண்டோஸ் ஃபொண்ட்ஸ் ஃபோல்டரில போட மறந்தா, சீமெந்து எண்டு வரவேண்டிய இடத்தில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும்.

துறைமுகவீதி டெக்:
தம்பி, திறக்கிறது வேற, கடை நடத்துறது வேற. சனம் நிறைஞ்ச நேரம் பில் பாதியில நிண்டா மாமா உங்களைத்தான் தேடுவார். மெஷினுக்குள்ள இன்னொரு மெஷின் ஓட்டுற வேர்ச்சுவல்பாக்ஸில எக்ஸ்பியை ஏத்தி, நெட்வேர்க்கை நிப்பாட்டி விடுங்கோ. வைன் எவ்வளவு வளர்ந்தாலும் விண்டோஸைப் பார்த்து எழுதினதுதானே.

கோணேசர்பூமி:
1993இல தொடங்கின வேலை அண்ணன், 1.0 வர 2008 ஆச்சு. அவசரத்தில செய்ததில்லை. 64 பிட் விண்டோஸ் கைவிட்ட 16 பிட் புரோகிராமையும் வைன் ஓட்டுது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட சப்போர்ட் முடிஞ்சுது. மெஷினோட வந்த ஓஇஎம் லைசன்ஸும் அந்த மெஷினுக்கு மட்டும்தான், அதை என்ன செய்யப் போறியள்?

துறைமுகவீதி டெக்:
லைசன்ஸ் விஷயம் சரி, அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. ஆனா நெட் இல்லாத எக்ஸ்பிக்குள்ள யார் வரப்போறான்? பில் என்னத்தில அடிக்கிறியள் எண்டு முதல்ல சொல்லுங்கோ.

உவர்மலையான்:
டொட் மெட்ரிக்ஸ். நேரா எல்பிடி1 எண்ட பரலல் போர்ட்டுக்கு அனுப்புது.

கோணேசர்பூமி:
அப்ப இன்னும் லேசு. வைனிட ரெஜிஸ்ட்ரியில HKEY_LOCAL_MACHINE\Software\Wine\Ports எண்ட இடத்தைத் திறவுங்கோ. அதுக்குள்ள எல்பிடி1 எண்ட பெயரில பிரிண்டர் டிவைஸிட பாதையைக் குடுங்கோ. அந்த டிவைஸில எழுத உங்கட யூசருக்கு அனுமதி வேணும், பலபேர் இடறுறது அங்கதான். வேர்ச்சுவல்பாக்ஸில பரலல் போர்ட்டோட மல்லுக்கட்டிப் பாருங்கோ, தெரியும்.

நிலாவெளிக்காரி:
இரண்டு பேரும் பிணத்துக்குப் பவுடர் பூசுறியள். ஆக்சஸிட எம்டிபி ஃபைலை வாசிக்கிற எம்டிபி டூல்ஸால டேட்டாவை வெளிய எடுத்து, பாமினியை யுனிகோடாக்கி, புதுசா ஒண்டு எழுதுவியுங்கோ.

துறைமுகவீதி டெக்:
காசு நீங்க குடுக்கிறியளோ தங்கச்சி?

நிலாவெளிக்காரி:
டேட்டாவை எடுக்கக் காசு வேணாமே அண்ணன். டிஸ்க் போனா வைனும் இல்லை, வேர்ச்சுவல்பாக்ஸும் இல்லை. உவர்மலையான், அந்த எம்டிபி ஃபைலை இண்டைக்கே பென்டிரைவில கொப்பி பண்ணுங்கோ, புரோகிராமை மூடிப்போட்டு.

உவர்மலையான்:
கடை எட்டு மணிக்குத்தான் பூட்டுவினம். பென்டிரைவோட போறன்.