பெங்களூரு போய் 790 ரூபாய் சம்பாதித்த கதை: அடுத்த விழாவுக்கும் கடை போடலாமா?

மாங்கனி நகரான்

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். பகலில் செல்போன் கடையில் வேலை. மிச்ச நேரத்தில் டைகாஸ்ட் கார் (உலோகத்தில் வார்த்த குட்டிப் பொம்மைக் கார்), அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) சிலை, ஸ்டிக்கர் வாங்கி விற்கிறேன். போன மாதம் பெங்களூருவில் நடந்த ஒரு ரசிகர் விழாவில் இரண்டு நாள் கடை போட்டேன். தனி மேசை நமக்குக் கட்டுப்படி ஆகாது என்பதால் ஒரு நண்பரின் மேசையில் பாதியை எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து நோட்டைத் திறந்தால் தூக்கம் போய்விட்டது. கணக்கை அப்படியே போடுகிறேன், மேசையின் படமும் போட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் விற்பனை 61,400. விற்ற சரக்கின் அசல் 34,700. ஆக நின்றது 26,700. பாதி மேசைக்கு வாடகை 12,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 14,160. வேன் வாடகை, டீசல், சுங்கம் 5,200. ஒரு ராத்திரி ரூமும் சாப்பாடும் 3,100. கூட வந்த மச்சானுக்கு இரண்டு நாளைக்கு 2,000. ஞாயிறு மதியம் கூட்டத்தில் யாரோ ஒரு பையனின் பைப்பட்டை மாட்டி ஒரு சிலை கீழே விழுந்து கை உடைந்தது, அதன் அசல் 1,450. மொத்தச் செலவு 25,910.

மிச்சம் 790 ரூபாய். காலையில் ஒன்பது மணிக்கு நின்றவன் ராத்திரி எட்டு வரை உட்காரவில்லை, அதற்குக் கூலி இது. ஆனால் ஒன்று, என் மேசைக்கு வந்தவர்களிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்கள், வாங்கினார்கள். 41 பேர் வாட்ஸ்அப் எண் கொடுத்துப் போயிருக்கிறார்கள். அடுத்த விழாவுக்கும் போகலாமா, விட்டுவிடலாமா?

அதியமான் கோட்டை

தம்பி, போகாதே. 790 ரூபாய்க்கு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட வேண்டுமா? நான் தருமபுரி. ஏழெட்டு வருடமாக நம் இரண்டு மாவட்டத்தை விட்டு வெளியே போனதில்லை. கோடையில் உங்கள் ஊர் மாங்கனிக் கண்காட்சி, எங்கள் ஊரில் புத்தகத் திருவிழா, தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டை. பெண்கள் தேர் இழுக்கும் அன்றைக்கு அந்தத் தெருவில் கடை போட்டுப் பார், கூட்டம் என்றால் என்னவென்று தெரியும்.

சூட்சுமம் ஒன்றுதான். பையன் பொருளைக் கேட்பான், அப்பா விலையைக் கேட்பார், அம்மா "வீட்டில் கிடப்பது போதாதா" என்பார். 50 ரூபாய்க்குள் இருந்தால் அம்மாவே பர்ஸைத் திறந்துவிடுவார். 60 என்றால் நடந்துவிடுவார். அந்தப் பத்து ரூபாயில்தான் என் வியாபாரம் நிற்கிறது. சாவிக்கொத்து, பேட்ஜ், பம்பரம். மாலை ஐந்து மணிக்குத் திறந்து பத்துக்குக் கட்டினால் போதும், ராத்திரி வீட்டில் படுக்கலாம்.

மாங்கனி நகரான்

அண்ணா, மாங்கனிக் கண்காட்சியில் நானும் ஒரு வருடம் போட்டேன். 900 ரூபாய்ச் சிலையை ஒருவர் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாங்கப் போகிறார் என்று கவர்கூட எடுத்துவிட்டேன். "இது ரிமோட்டில் ஓடுமா?" என்றார். ஓடாது என்றேன். "பேசுமா?" பேசாது. "அப்புறம் என்னதான் பண்ணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. நான் இடம் மாறி உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் 50 ரூபாய்ச் சாவிக்கொத்து, பேட்ஜ் எல்லாம் காப்பிதானே? கம்பெனி உரிமை வாங்கிப் போட்டது அந்த விலைக்கு வராது.

அதியமான் கோட்டை

காப்பிதான். ஒரிஜினல் என்று சொல்லி யாரிடமும் விற்றதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு முடி நட்டுக்கொண்டு நிற்கும் அந்தக் கார்ட்டூன் பையனின் முகம் இருந்தால் போதும், உரிமம் யாரிடம் என்று கேட்காது.

ஒன்றுக்கு அறுபத்துநாலு

ஓசூர். பதினோரு வருடமாக 1:64 வண்டி (நிஜ வண்டியில் 64இல் ஒரு பங்கு அளவு) சேர்க்கிறேன், ஒன்றைக்கூட விற்றதில்லை. எனக்கு வேறு கேள்வி. மாங்கனி நகரான் கார் விற்கிறேன் என்கிறார். அந்தக் கார் எங்கிருந்து வந்தது? எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஷட்டர் தூக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். புதுப் பெட்டி பிரிக்கிற அன்றைக்கு அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஒரு பெட்டியில் 72 வண்டி. பத்து நிமிடத்தில் நல்லதெல்லாம் கூடைக்குப் போய்விடும். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கொக்கியில் தொங்குவது மிச்சம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஹாட் வீல்ஸ் என்ற இந்தக் குட்டிக் கார் பிராண்ட் 1968இல் வந்தது. 1995இல் இருந்து ட்ரெஷர் ஹண்ட் என்று சில வண்டிகளைக் குறைந்த எண்ணிக்கையில் செய்து சாதா வண்டிகளோடு கலந்து அனுப்புகிறார்கள். 2007இல் இருந்து அதற்குள்ளேயே சூப்பர் என்று ஒரு வகை. பெயிண்ட் கண்ணாடிபோல ஆழமாக மின்னும், பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டயர். கடையில் அதற்கும் அதே விலைதான். அட்டையில் 179 என்று இருப்பதை எடுத்துக்கொண்டு போய்ப் பெங்களூருவில் 1,500, 3,000 என்று வைக்கிறார்கள். ஒரு குழந்தைக்குக் கிடைக்க இருந்த அதிர்ஷ்டத்தை எடுத்து விற்கிறார்கள். இது வியாபாரமா?

மாங்கனி நகரான்

அந்த வாசலில் நானும் நின்றிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சூப்பர் இதுவரை என் கையில் இரண்டே இரண்டு தடவைதான் விழுந்தது. இந்த 61,400இல் கார் 9,000கூட வராது. சாதா வண்டியைத்தான் 250, 300க்குக் கொடுத்தேன். வாடகை கொடுத்து, வண்டி வைத்து, அட்டை மூலை மடங்காமல் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் கூடு வாங்கிப் போட்டு எடுத்துப் போகிறேன். பெங்களூருக்காரர் ஓசூர் வந்து தேடினால் அவருக்கு எவ்வளவு செலவாகும்?

கணக்குப்பிள்ளை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன், இந்தத் திரியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் 179 விவகாரம். அது நியாயம் அநியாயம் என்ற அளவில் நிற்கவில்லை. அட்டையோடு மூடிய வண்டி ஒரு பொட்டலப் பொருள். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளில் 18ஆவது விதி, அச்சடித்த சில்லறை விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்கிறது. கடைக்காரர் மட்டும் என்று அதில் இல்லை. எல்லாரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். மேசையில் விலைச்சீட்டு ஒட்டி வைப்பவருக்குச் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது, இதுதான் பெரியது. மாங்கனி நகரான், நீங்கள் விற்றது கர்நாடகத்தில். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். அதை நம்பி எல்லையைத் தாண்டிக் கடை போட்டால் கதை மாறும். கடையோ அலுவலகமோ இல்லாத மாநிலத்தில் எப்போதாவது போய் விற்பவரைத் தற்காலிக வரிதாரர் என்று சட்டம் தனியாகப் பிரிக்கிறது. 40 லட்சமா 40 ஆயிரமா என்று பார்க்காது. விற்பனை தொடங்க ஐந்து நாளாவது முன்பாக அந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும், உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பதிவு 90 நாள் வரை செல்லும், கேட்டால் இன்னும் 90 நாள் வரை நீட்டிக்கலாம். உங்கள் நண்பர் அங்கே பதிவு பெற்றவரா? பில் அவர் பெயரில் போட்டீர்களா? வேனில் போன சரக்கு 50,000க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) எங்கே?

அதியமான் கோட்டை அண்ணன் சிரிக்க வேண்டாம். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்கள் பம்பரத்தில் இருக்கிறதா?

அதியமான் கோட்டை

பம்பரம் அட்டையில் ஏதோ முத்திரை இருக்கிறது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

மாங்கனி நகரான்

கணக்குப்பிள்ளை சார், வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். நண்பர் அங்கே பதிவு பெற்றவர்தான், வாடகை ரசீதும் அவர் பெயரில்தான். ஆனால் என் சரக்குக்கு நான் பில்லே போடவில்லை. என் கியூஆர் அட்டையை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை

அதுதான் பயந்தேன். அடுத்த தடவை சரக்கை முறையாக அவருக்கு விற்றுவிட்டு அவர் பில்லில் விற்கச் சொல்லுங்கள், அல்லது தற்காலிகப் பதிவு எடுங்கள். எந்த வழி என்றாலும் செலவு கூடும். அதைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் 790 மைனஸில் போகும்.

ஊத்தங்கரை ராட்டினம்

கையால் வரைந்த ஸ்டிக்கர் விற்கிறேன். சேலம், கோயம்புத்தூர் எல்லாம் போயிருக்கிறேன். யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன்: மச்சானுக்குக் கொடுத்த 2,000தான் உங்கள் கணக்கிலேயே உருப்படியான செலவு. தனியாகப் போன ஒரு விழாவில் காலை முதல் மாலை நாலு மணி வரை கழிப்பறைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரரை நம்பிப் போய் வந்தால் இரண்டு ஷீட்டைக் காணோம். அப்புறம், கூட்டம் ஏறினால் நெட் படுத்துவிடும். ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், வாங்க வந்தவர் "அப்புறம் வருகிறேன்" என்பார். அவர் வரமாட்டார். 3,000 ரூபாய்க்காவது சில்லறை கொண்டு போங்கள்.

உடைந்த சிலைக்கும் ஒரு வழி இருக்கிறது. உயரமானதைப் பின் வரிசையில் வைத்து, அடியில் புளூ டேக் (களிமண்போல ஒட்டும் பசை) ஒரு உருண்டை வைத்து அழுத்திவிடுங்கள்.

பழைய பேப்பர்

மூன்று நாளாகப் படிக்கிறேன். நீங்கள் இருவரும் விற்கிற சரக்கு எங்கிருந்தோ வருகிறது, அதனால்தான் அசலே 34,700 என்று நிற்கிறது. நம் ஊர்ப் பரணில் கிடப்பதை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

போன வருடம் அரூர் பக்கம் ஒரு வீடு காலி செய்தார்கள். எடைக்குப் போட இருந்த பழைய தாள் கட்டுக்குள் முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ். முத்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, ராணி 1984. பதினோரு கிலோ, கிலோ 15 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நடுப்பக்கப் பின் துருப்பிடித்து இரண்டு பக்கமும் காவி நிறத்தில் கோடு இறங்கியிருக்கும். பின்னைக் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்தி எடுக்க வேண்டும், இழுத்தால் தாளோடு வரும். சிலதில் வெள்ளிப்பூச்சி அட்டையின் சிவப்பை மட்டும் சுரண்டித் தின்றிருந்தது. நீலத்தைத் தொடவே இல்லை, அதற்கும் ருசி இருக்கிறது போல. முதல் பக்கத்தில் மைப்பேனாவால் "ஆறாம் வகுப்பு ஆ பிரிவு" என்று எழுதியிருந்ததை நான் அழிக்கவில்லை. தேறியது 38 பிரதி. புத்தகத் திருவிழா சமயத்தில் 60இல் இருந்து 400 வரை விலை வைத்தேன். நான்கு நாளில் 31 போய்விட்டது. வாங்கியதெல்லாம் ஐம்பது வயதுக்காரர்கள். ஒருவரும் பேரம் பேசவில்லை.

ஒன்றுக்கு அறுபத்துநாலு

ஐயா, பெரியவர் என்று பார்க்காமல் கேட்கிறேன். கிலோ 15க்கு எடுத்து ஒன்றை 400க்கு விற்றால் அதற்குப் பெயர் என்ன? 179ஐ 300க்கு விற்றவரைத் திட்டிவிட்டு உங்களை விட்டால் எனக்கே நியாயமாகப் படவில்லை.

பழைய பேப்பர்

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் நான் எடுக்காவிட்டால் அந்தக் கட்டு பொரி கடலை மடிக்கப் போயிருக்கும். அவர் எடுக்காவிட்டால் அந்த வண்டி மறுநாள் ஒரு பிள்ளையின் கைக்குப் போயிருக்கும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். அப்புறம், ஏழு வீடு அலைந்தால் ஒரு வீட்டில்தான் ஏதாவது கிடைக்கும். அந்தப் பெட்ரோலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை

பெரியவருக்கு ஒரு நல்ல செய்தி: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

அதியமான் கோட்டை

பார்த்தாயா தம்பி? புத்தகத் திருவிழாவில் நான்கு நாள், உள்ளூர், வரி இல்லை. நான் சொன்னதைத்தான் ஐயாவும் சொல்கிறார்.

(பம்பரம் பார்த்தேன். முத்திரை இல்லை, முத்திரைபோல ஒரு படம் இருக்கிறது. இருக்கிற சரக்கை மொத்தக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுக்கப் பேசுகிறேன், அவன் எடுப்பானா தெரியவில்லை.)

மாங்கனி நகரான்

அண்ணா, ஐயா சொன்னது வேறு. அவருக்கு வாங்குபவர்கள் புத்தகத் திருவிழாவுக்கு எப்படியும் வருகிறவர்கள். எனக்கு வாங்குபவர்கள் வருகிற இடம் பெங்களூரு. 2024இல் இருந்து சென்னையிலும் காமிக் கான் என்ற ரசிகர் விழா நடக்கிறது. அங்கே என்றால் மாநிலம் தாண்டுகிற தலைவலி இல்லை, ஆனால் தூரம் மூன்று மடங்கு. வேன் செலவு இன்னும் ஏறும்.

ராத்திரி உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 61,400இல் 38,000 எட்டே எட்டுச் சிலைகள். மிச்சமெல்லாம் சில்லறை. அந்த எட்டில் ஐந்தை வாங்கியவர்கள் அந்த 41 பேருக்குள் இருக்கிறார்கள். அடுத்த தடவை வேன் வேண்டாம், இரண்டு டிராலி பையோடு பஸ்ஸில் போகிறேன். சாதா காரை விட்டுவிடுகிறேன். கணக்குப்பிள்ளை சார் சொன்னபடி நண்பர் பில். அதற்கும் மேல் நஷ்டம் வந்தால் இதே திரியில் வந்து அண்ணனிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அதியமான் கோட்டை

திட்டத் தயாராக இருக்கிறேன்.

ஒன்றுக்கு அறுபத்துநாலு

சாதா காரை விட்டுவிடுகிறேன் என்றதற்கு நன்றி. ஒரு சந்தேகம். உங்கள் மேசைப் படத்தில் இடது ஓரம் ஒரு சிவப்பு வேன், அட்டை கொஞ்சம் மடங்கியது. அது விற்றுவிட்டதா?

மாங்கனி நகரான்

இல்லை, இருக்கிறது.

ஒன்றுக்கு அறுபத்துநாலு

என்ன விலை?

மாங்கனி நகரான்

கணக்குப்பிள்ளை சார் படித்துக்கொண்டிருக்கிறார். 179.

ஒன்றுக்கு அறுபத்துநாலு

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வருகிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்தக் கடை என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.