மறுமொழி: தூவிய விதையை மண்ணால் மூடுவதற்கு ஒரு சொல் – 'மூடுழவு' பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு,

தீவன ஓட்ஸ் விதைப்புக் கையேடு ஒன்றுக்காக, தூவிய விதையை மண்ணால் மூடும் வேலைக்கு 'மூடுழவு' என்ற சொல்லை இந்த இழையில் முன்வைத்திருந்தேன். ஆனால் பாதி மடல்கள், விதையைப் பரவலாக வீசுவதைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சுற்றியே போய்விட்டன. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம். தூவி விதைப்பது, வீசி விதைப்பது என்று பேச்சிலேயே இருக்கிறது. வரிசை விதைப்புக்கு இணையாகத் 'தூவல் விதைப்பு' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வயலில் பிறந்து, 1920-களில் வானொலிக்குப் போனது. நமக்கு வானொலிக்குத் தனிச்சொல் அமைந்துவிட்டது. அதனால் கணினி மொழிபெயர்ப்பு 'ஓட்ஸ் விதைகளை ஒளிபரப்பவும்' என்று எழுதிக் கொடுத்தால் திருத்திவிட்டு மேலே போகலாம்.

சிக்கல் அடுத்த வேலையில்தான் இருக்கிறது.

> தூவியபின் 'மூடவும்' என்று எழுதினால் போதாதா? இதற்கும் ஒரு கலைச்சொல் எதற்கு?

போதவில்லை ஐயா. 'மூடவும்' என்பதில் எதனால், எவ்வளவு ஆழம் என்ற இரண்டுமே இல்லை. தீவன ஓட்ஸ் விதைக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. மண் இருந்தால் போதும். 'மூடவும்' என்று படித்துவிட்டு ஒருவர் சட்டிக்கலப்பையை ஆழமாக விட்டால் விதை ஒரு சாண் கீழே போய்விடும். இன்னொருவர் மரக்கிளையை இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போவார். பாதி விதை பறவைக்கு. ஓட்ஸ் முளை கோதுமையைவிடச் சற்று ஆழத்திலிருந்தும் ஏறி வரும், உண்மைதான். ஆனால் விதைக்குள் இருக்கும் மாவு தீர்வதற்குள் அது வெளிச்சத்தை எட்டியாக வேண்டும்.

நான் தூவி விதைத்த ஒரு துண்டு நிலத்தில் ஒன்பதாம் நாள் உட்கார்ந்து விரலால் கிளறிப் பார்த்தேன். மேலேயே கிடந்த விதையில் உமி பிளந்து வேர் எட்டிப் பார்த்திருந்தது. அதன் நுனி பழுப்பாகக் காய்ந்துவிட்டது. விரற்கணு ஆழத்தில் இருந்தது வெள்ளை முளையோடு நிமிர்ந்து நின்றது. கட்டிகளுக்கு நடுவே விழுந்ததோ ஊறிக்கூட இருக்கவில்லை, சுற்றிலும் வெறும் காற்று. டிராக்டர் சக்கரம் ஏறிய தடத்தில் மட்டும் கோடு போட்டதுபோல் சீராக முளைத்திருந்தது. மண்ணும் விதையும் ஒட்டினால்தான் விதை ஈரத்தை இழுக்கும் என்பதை அந்தத் தடத்தில் கண்ணால் பார்த்தேன். மூடுவது ஒரு வேலை, அழுத்துவது வேறு வேலை என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. வரிசை விதைப்பைவிடத் தூவலுக்கு ஏறத்தாழக் கால் பங்கு விதை கூடுதலாகப் போடச் சொல்வது வழக்கம். அந்தக் கூடுதல் பெரும்பாலும் மூடல் சீராக அமையாததற்கு நாம் கொடுக்கும் விலை. அத்தனை முக்கியமான வேலைக்குப் பெயரே இல்லாமல் இருக்கிறது.

> 'மண்புதைப்பு', 'மண்ணணைப்பு', 'விதைமூடாக்கு' – இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே?

'புதைப்பு' ஆழத்தைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. 'மண் அணைத்தல்' வளர்ந்த செடியின் தூரில் மண் ஏற்றுவதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. மூடாக்கு என்றால் வைக்கோலோ தழையோ பரப்புவது. இருக்கிற சொல்லின் பொருளைக் கலைத்துவிட்டு நாம் எதையும் ஆக்க வேண்டாம்.

அதனால்தான் 'மூடுழவு' என்றேன். சுடுமண், ஓடுதளம் போல வினைத்தொகை. கோடையுழவு, மேலுழவு, இடையுழவு என்ற வரிசையில் இயல்பாக உட்காரும். சொல்லும்போதே எதற்கான உழவு என்பது தெரிந்துவிடும்.

> சங்கிலியையோ பரம்பையோ (மண்ணைச் சமன்செய்யும் பலகை) இழுப்பதை உழவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதுவரை வந்ததில் இதுதான் வலுவான மறுப்பு. இரண்டு நாள் இதையே யோசித்தேன். 'மூடுகீறல்' என்று மாற்றிப் பார்த்தேன். ஆழம் குறைவு என்பது வருகிறது, ஆனால் காயத்தின் பெயர்போல் ஒலிக்கிறது, வயலில் யார் வாயிலும் நிற்காது. சரி, நீங்கள் சொல்வதை ஏற்று எல்லையைக் குறுக்கிக்கொள்கிறேன். பல் மண்ணுக்குள் இறங்கிக் கிளறினால் மட்டும் மூடுழவு. மேலே இழுபடுவது பரம்படிப்பாகவே இருக்கட்டும், அந்தச் சொல்லுக்கு என்ன குறை? வரையறையை இப்படி எழுதலாம்: 'தூவிய விதை மேல்மண்ணில் ஆழமின்றிக் கலக்கும்படி பலுகு போன்ற பல் கருவியால் ஒருமுறை ஓட்டுவது.'

சொல்லைத் தனியாக நிறுத்தி வைத்துப் பார்ப்பதைவிட வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது:

'பாதி விதையை வடக்கு தெற்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் தூவவும். மேல்மண் ஈரம் காய்வதற்குள் பலுகால் ஒரு மூடுழவு செய்யவும்; ஆழம் 3 முதல் 5 செ.மீ. அப்புறம் உருளை ஓட்டவும்.'

எனக்கு எங்கும் தடுக்கவில்லை. உங்களுக்குத் தடுக்கிறதா, சொல்லுங்கள்.

மண்ணை அழுத்தும் உருளையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், உலர்தீவனத்துக்கு வெட்டும் வயல் சமமாக இருக்க வேண்டும். கட்டியும் கல்லும் மேலே நின்றால் வெட்டும் கத்தி அடிபடும், வாரும்போது தீவனத்தோடு மண்ணும் சேர்ந்து வரும். அதைவிடப் பெரிய காரணம் கலப்பு விதைப்பு. ஓட்ஸோடு குதிரைமசால், பெர்சீம் போன்ற தீவனப் பயிர்களைச் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சிறு விதைகளுக்கு 1 செ.மீ. மண்ணே அதிகம். எடையும் வேறு, ஒன்றாகக் கலந்து சுழல் தூவியில் போட்டால் கனமான விதை தூரமாகவும் லேசான விதை பக்கத்திலும் விழும். எனவே முதலில் ஓட்ஸைத் தூவி மூடுழவு, அதன்பின் சிறுவிதையைத் தூவி உருளை மட்டும். இரண்டுக்கும் 'மூடவும்' என்றே எழுதிய பக்கத்தை நம்பி விதைத்தால் குதிரைமசால் முழுவதும் மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

அழுத்தும் வேலைக்கு 'உருளையோட்டு' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். அது கருவியைச் சொல்கிறதே தவிர, விதையும் மண்ணும் ஒட்டுவதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் ஒரு சொல் யாருக்காவது அகப்பட்டால் இந்த இழையிலேயே எழுதுங்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்னும் முடிக்காமல்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்