சேலத்து வெயிலில் ஓடும் பைப் லைனுக்கு மைனஸ் 45 டிகிரியில் இம்பாக்ட் டெஸ்ட் எதுக்கு?

கொண்டலாம்பட்டி ஃபேப்:
சேலம் பக்கத்துல ஒரு கம்பெனிக்கு புரொப்பேன் லைன் வேலை எடுத்திருக்கேன். 4 இன்ச், 2 இன்ச், ரெண்டும் ஷெட்யூல் 80 கனம். பைப் ஏ333 கிரேட் 6, குளிருக்குன்னே வர்ற இரும்பு. குளிர்ல இரும்பு நொறுங்குதான்னு துண்டை அடிச்சு உடைச்சுப் பார்க்கற சார்பி டெஸ்டை (அதான் இம்பாக்ட்) மில்லிலேயே மைனஸ் 45-ல் பண்ணி சர்டிபிகேட் வந்தாச்சு. ட்ராயிங்ல மைனஸ் 45 இருக்கு, அதனால வெல்டுக்கும் தனியா இம்பாக்ட் வேணும்ங்கறார் இன்ஸ்பெக்டர். என் பழைய பிக்யூஆர்ல (வெல்டு முறையைச் சோதிச்ச ரெக்கார்டு) இழுத்துப் பார்க்கற டென்சைல், வளைச்சுப் பார்க்கற பெண்ட் எல்லாம் பாஸ். ரேட் பேசும்போது இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஆறு பேருக்குச் சும்மா கூலி கொடுக்கணும். ஏற்காடு உச்சியில கூட தண்ணி உறையாத ஊர் இது. மைனஸ் 45 எங்கே இருந்து வரும்?

மேட்டூர் பைப்பிங்:
அண்ணா, வெயில் பைப்புக்கு வெளியேதான் அடிக்குது. வெளிக்காத்து அழுத்தத்துல புரொப்பேன் கொதிக்கறது மைனஸ் 42-ல். லைன்ல திரவம் நிக்கும்போது வால்வைத் திறந்து சட்டுனு அழுத்தத்தை இறக்கினா, அது கொதிக்கத் தேவையான சூட்டை பைப் சுவத்துல இருந்துதான் உறிஞ்சும். சித்திரை மத்தியானத்துல வடிகால் லைன் மேல வெள்ளையா பனி படிஞ்சதை கிளவுஸ் போட்ட கையால சுரண்டிப் பார்த்தவன் நான்.

1998 செப்டம்பர்ல ஆஸ்திரேலியாவுல லாங்ஃபோர்ட் கேஸ் பிளான்ட். சூடான எண்ணெய் ஓட்டம் நின்னதால ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் மைனஸ் 48 வரைக்கும் குளிர்ந்துடுச்சு. திரும்ப சூடான எண்ணெயை விட்டதும் உடைஞ்சது. 2 பேர் செத்தாங்க, 8 பேருக்குக் காயம். அங்கே ஊர்க்குளிரா காரணம்?

கொண்டலாம்பட்டி ஃபேப்:
குளிரும், ஒத்துக்கறேன். ஆனா அப்படிக் குளிர்ற நேரத்துல உள்ளே அழுத்தமே இருக்காதே தம்பி. ஸ்ட்ரெஸ் குறைஞ்சா டெஸ்ட் இல்லாமலே கீழே போகலாம்னு பைப்பிங் வேலைக்கான பி31.3 கோடே இடம் கொடுக்குது.

ஏற்காடு அடிவாரம்:
கொடுக்குது, அதுக்குன்னு ஒரு படமே இருக்கு. நீங்க கேட்டதுல நியாயம் இருக்கு. ஆனா அழுத்தத்தை மட்டும் வச்சு அந்தச் சலுகையை எடுக்க முடியாது. பைப் எடை, சுருங்கும்போது வர்ற இழுப்பு எல்லாம் கணக்குல வரணும். பராமரிப்பு வேலையோட பாரம் பைப்புல இறங்காதபடி காப்பும் வேணும். உறைஞ்சு இறுகின சின்ன வால்வுக்கு வீல் கீ-ங்கற நெம்புகோலைப் போட்டு ரெண்டு பேர் தொங்கறதை எந்த பிளான்ட்ல பார்க்கலை? பைப் சூடேறறதுக்கு முன்னாடி பம்பைப் போட்டுட்டா, குளிர்ந்த இரும்புல முழு அழுத்தம். அந்தக் கணக்கை டிசைனர் கையெழுத்துப் போட்டுத் தரணும். தந்தாரா?

கொண்டலாம்பட்டி ஃபேப்:
தரலை. கேட்டா மைனஸ் 45-ஐயே திரும்பச் சொல்றாங்க. சரி, பைப் பாஸான அப்புறம் வெல்டு மட்டும் எப்படி ஃபெயில் ஆகும்?

ஐந்து ரோடு வெல்டர்:
மில் டெஸ்ட் பண்ணினது அவங்க பைப்பை. உங்க வெல்டை அவங்க பார்த்ததே இல்லையே. மொதல்ல ராடு பாக்கெட்டைப் பாருங்க. சாதா 7018 ராடுக்கு, உடைக்க 27 ஜூல் சக்தியாவது வேணும்ங்கற உறுதி மைனஸ் 30-லதான். மைனஸ் 45-க்கு 7018-1 வாங்கணும். டிக் வெல்டிங்ல ரூட்டுக்கு, அதாவது அடி வரிக்குப் போடற 70எஸ்-2 கம்பியும் மைனஸ் 30 வகைதான்.

அப்புறம் கை. ஒரு வேலையில கேப்பை, அதாவது மேல் வரியை, ராடை அகலமா ஆட்டி வீவ் பண்ணி சீக்கிரம் முடிச்சோம். எக்ஸ்ரே சுத்தம், பெண்ட் பாஸ். சார்பில மூணுல ரெண்டு ஃபெயில். உடைஞ்ச முகம் கல்லுப்பு மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு, நொறுங்கி உடைஞ்சதோட அடையாளம் அது. அதே ராடு, கரண்டைக் குறைச்சு ஸ்ட்ரிங்கரா, ராடை ஆட்டாம ஒல்லி ஒல்லி வரியா போட்டு, வரிக்கு வரி இன்ட்டர்பாஸ் சூடு ஆற விட்டு மறுபடி அனுப்பினோம். இந்தத் தடவை ஓரமெல்லாம் மங்கலா நார்நாரா கிழிஞ்சிருந்துச்சு. பெண்ட் டெஸ்டுல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அந்தத் துண்டு இன்னும் என் டூல் பாக்ஸ்ல இருக்கு.

கொண்டலாம்பட்டி ஃபேப்:
அப்ப ரெண்டு சைசுக்கும் ரெண்டு டெஸ்டா?

மேட்டூர் பைப்பிங்:
வேண்டாம். 4 இன்ச் ஷெட்யூல் 80 கனம் 8.56 மில்லி. கோடு படி பாதிக் கனத்துல இருந்து கனத்தோட 6 மில்லி கூட்டின வரைக்கும் செல்லும், அதாவது 4.28 முதல் 14.56 வரை. 2 இன்ச் 5.54, அதுக்குள்ள வந்துடும். வெல்டு மெட்டல்ல மூணு துண்டு. பக்கத்துல சூடுபட்ட பகுதிக்கும் கோடோ கிளையன்ட் ஸ்பெக்கோ கேட்டா இன்னொரு மூணு. 10 மில்லி அகலத் துண்டு இந்தக் கனத்துல வராது. 7.5 எடுங்க. கனத்துல 80 சதவீதத்துக்கு மேலே இருக்கறதால டெஸ்ட் வெப்பநிலையை இன்னும் இறக்க வேண்டியதில்லை. சராசரி 18 ஜூல், தனித்துண்டு 14-ங்கறது முழு அகலத்துக்கு. 7.5-க்கு 13.5, 10.5. ஒரு ப்ரொசீஜருக்கு ஒரு தடவைதான், ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் இல்லை. ராடு வகையை மாத்தினாலோ, டெஸ்ட் பண்ணினதை விட வெல்டிங் சூட்டை ஏத்தினாலோ மறுபடி.

கொண்டலாம்பட்டி ஃபேப்:
7018-1 இன்னைக்கே ஆர்டர் போடறேன். 4 இன்ச்ல டெஸ்ட் கூப்பனுக்கு ரெண்டு துண்டு வெட்டியாச்சு. ஆனா டெஸ்ட் செலவை எக்ஸ்ட்ரா ஐட்டமா பில்லுல எழுதுவேன். மைனஸ் 45 போட்டது அவங்க.

மேட்டூர் பைப்பிங்:
வேலை பி31.3 படின்னு ஆர்டர்ல ஒரு வரி இருந்தா தர மாட்டாங்க அண்ணா. ப்ரொசீஜர் குவாலிஃபை பண்றது காண்ட்ராக்டர் பொறுப்பு. பில் போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை எடுத்துப் படிங்க.

கொண்டலாம்பட்டி ஃபேப்:
படிச்சேன், அந்த வரி இருக்கு. இருந்தாலும் போடுவேன். ட்ராயிங் கைக்கு வந்தது ரேட் முடிச்ச அப்புறம்தான்.