180 வெள்ளி கட்டி தோட்டத்து ரோட்டுல சைக்கிள் ஓட்டணுமா?

சிப்புட்_குமார்:
எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட்டுல ஒரு கிராவல் ரைட் வருது, அதாவது தார் போடாத மண்ணு, கல்லு ரோட்டுல சைக்கிள் ஓட்டம், தோட்டத்துக்குள்ள போவுது, பாத்திருப்பீங்க. 40 கிலோமீட்டர் ஒன்னு, 80 ஒன்னு. 80-க்கு 180 வெள்ளி (ரிங்கிட்), 40-க்கு 120, ஜெர்சி சேத்து. எனக்கு வயசு 43, ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை, லீவு கெடைக்கிற ஞாயித்துக்கெழம லிந்தாங் ரோடு பக்கம் ஓட்டிட்டு வருவேன், தார் ரோட்டுல 22, 23 ஸ்பீடு வரும், மேடு வந்தா மூச்சு வாங்கும், அவ்ளோதான் நான். கிராவல் பைக்கும் கெடையாது, பழைய 26 இன்ச் மவுண்டன் பைக்தான். 80-க்கு கட் ஆஃப், அதாவது அதுக்குள்ள முடிக்கணுங்கிற நேரம், ஆறு மணி நேரம்னு போட்டிருக்கான். கூட வேலை செய்யிற பையன் பேர் குடுத்துட்டான், என்னையும் வா வாங்கிறான். என்ன மாதிரி சுமாரா ஓட்டுறவன் இதுல சேரலாமா, காசுக்கு கேடா? நேரா சொல்லுங்க.

பால்மரத்தான்:
வேணாம் தம்பி. நான் இந்த ரோட்டுல பொறந்து வளந்தவன். எங்கப்பா ரப்பர் பால்மரம் வெட்டுறவரு, விடிய முன்ன பெரட்டு (ஆள் கணக்கெடுக்கிறது) முடிச்சு அந்த செம்மண் ரோட்டுலதான் சைக்கிள்ல மரத்துக்கு போவாரு, வெட்டி முடிச்சு பால் எடுத்து ரெண்டு வாளியையும் பின்னாடி கட்டி ஸ்டோருக்கு தள்ளிக்கிட்டு வருவாரு. சக்கரம் ஒரு பள்ளத்துல எறங்குச்சுன்னா அன்னிக்கு வெட்டுன பால் மண்ணுல, சம்பளமும் மண்ணுல. அதனால எந்த எடத்துல மண்ணு எளகும், எந்தப் பாலத்துல பலகை ஆடும்னு அவருக்கு மனப்பாடம். அந்த ரோட்டுல ஓட்டுறதுக்கு நீ 180 வெள்ளி கட்டணுமா? தீபாவளி வருது, பிள்ளைங்களுக்கு துணி எடுக்கணும், வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும். ஞாயித்துக்கெழம நாலு பேர் சேந்து நம்மளே போலாம், கட் ஆஃபும் கெடையாது, லோரில ஏத்திக்கிட்டு வர்ற அவமானமும் கெடையாது.

மலர்_ஈப்போ:
அண்ணே, நீங்க சொல்ற காலத்துல தோட்டத்துல இருந்தவங்க தோட்டத்து ரோட்டுல போனாங்க, யாரும் ஏன்னு கேக்கல. இப்ப போய் பாருங்க. பால்மரம் போயி எங்க பாத்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம், உள்ள போற வழியில கேட்டு, பூட்டு, ஜாகா (காவலாளி). செம்பனைக் குலை திருட்டு நடக்கிறதால வெளியாளுங்கள கண்டாலே திருப்பி அனுப்புறாங்க, அவங்கள சொல்லியும் குத்தம் இல்ல, அது கம்பெனி நெலம். ரைட் நடத்துறவங்க மேனேஜர்கிட்ட பெர்மிட் வாங்கி அந்த ஒரு நாளைக்கு கேட்ட தொறந்து விடுறாங்க, சந்திக்கு சந்தி ஆள் நிக்குது, ஆம்புலன்ஸ் இருக்கு, தண்ணி இருக்கு. பொம்பள ஆளு நான் தனியா அந்த செம்பனைக்குள்ள போவ முடியுமா? நாய் நாலு தொரத்துனா யார கூப்பிடுறது, பாதி எடத்துல ஃபோன்ல லைனே இல்ல. 180 வெள்ளி அந்த பத்திரத்துக்கு குடுக்கிற காசு, ஜெர்சிக்கு இல்ல. குமார் அண்ணே, சேருங்க.

80தான்_சரி:
சேந்தா 80 சேருங்க. 40 எல்லாம் சூடு ஏர்றதுக்குள்ள முடிஞ்சிரும். 22 ஸ்பீடு ஓட்டுறவரு 80 கிலோமீட்டர நாலு மணி நேரத்துல முடிச்சிடலாம், ரெண்டு மணி நேரம் மிச்சம் இருக்கு, பயமே வேணாம்.

செயின்_கடை:
இந்தக் கணக்கு தப்பு பாஸ். தார் ரோட்டுல 22 போறவரு செம்மண்ல, கல்லு, மேடு எல்லாம் சேத்து 15, 16 போனாலே நல்லாருக்கு. ஆறு மணி நேரத்துல 80-னா சராசரி 13.3 வேணும், ஆனா கட் ஆஃப் கடிகாரம் நீங்க நிக்கிற நேரத்தையும் எண்ணிக்கிட்டுதான் இருக்கும். தண்ணி ஸ்டேஷன், ஒண்ணுக்கு, ஒரு பஞ்சர்னு அரை மணி நேரம் போனா ஓடுற நேரம் அஞ்சரை, அதுக்கு 14.5 வேணும். 15 ஓட்டுறவருக்கு அதுல மிச்சம்னு சொல்ல ஒன்னும் இல்ல. ஒரு டியூப் மாத்த தடுமாறுனா முடிஞ்சிச்சு.

சைக்கிள் விஷயம்: கிராவல் பைக் வாங்க வேணாம், யார் சொன்னாலும் வாங்காதீங்க. கிராவல் பைக்குல போடுறது 40, 45 மில்லிமீட்டர் டயர், உங்க மவுண்டன் பைக்குல 2.1 இன்ச் இருந்தா அது 53 மில்லிமீட்டர், கல்லு மேல அது இன்னும் நல்லா உக்காரும், கை வலிக்காது. தார் ரோடு வர்ற எடத்துல கொஞ்சம் பின்தங்குவீங்க, அவ்ளோதான். டியூப் போட்டு ஓட்டுறீங்கன்னா காத்த ரொம்ப எறக்காதீங்க, பம்புல காத்து அளவு 30, 35 பிஎஸ்ஐ வைங்க, எறக்குனா கல்லுல அடிச்சு டியூப்ல ரெண்டு ஓட்ட விழும்.

பால்மரத்தான்:
மலரு, நீ சொல்ற கேட்டு விஷயம் உண்மைதான், அத நான் மறுக்கல. ஆனா இது குலை கூடுற மாசம். வெட்டுன குலை 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்கு போவணும், இல்லன்னா எண்ணெயில ஆசிட் ஏறிடும், வெல போயிடும். அதனால வேலை நெறைய இருக்கிற நேரத்துல ஞாயித்துக்கெழமயும் லோரி ஓடும், டிரக்டர் ஓடும். மேனேஜர் பெர்மிட்டுல கையெழுத்து போட்டாலும் லோரிக்காரன் ட்ரிப்புக்கு காசு பாக்குறவன், எறக்கத்துல வளைவுல அவன் வர்ற வேகம் எனக்குத் தெரியும். சந்தியில நிக்கிற ஆளு வளைவுல இருக்க மாட்டான்.

மலர்_ஈப்போ:
அதனாலதான் கூட்டமா போறது நல்லதுன்னு சொல்றேன் அண்ணே. முன்னூறு சைக்கிள் வருதுன்னு தெரிஞ்சா லோரிக்காரரு மெதுவா வருவாரு, நாலு பேரு ஞாயித்துக்கெழம சொல்லாம போனா அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்னு, சுமாரா ஓட்டுறவங்களுக்கு எடம் இருக்கான்னு அண்ணே கேக்கிறாரு. அமெரிக்காவுல கான்சாஸ்ல எம்போரியான்னு ஒரு சின்ன டவுன், 2006-ல 34 பேர் சேந்து 200 மைல் கல்லு ரோட்டுல ஓட்டுனாங்க, அதுதான் இன்னிக்கு அன்பௌண்ட் கிராவல். இப்ப 25 மைல்லேர்ந்து 350 மைல் வரைக்கும் வச்சிருக்காங்க. 2024-ல 200 மைல லாக்லன் மார்ட்டன் 9 மணி 11 நிமிஷத்துல ஜெயிச்சாரு, அதே ரோட்டுல அதே நாள்ல பாதிராத்திரி தாண்டியும் லைட் போட்டு ஓட்டி முடிக்கிறவங்க இருக்காங்க. கிராவல்ல எனக்குப் புடிச்சதே இதுதான், பெரிய ஆளும் நம்மளும் ஒரே கோட்டுல கெளம்புறோம். ரோடு ரேஸ்ல நம்மள யாரு சேப்பா?

பால்மரத்தான்:
அதே கான்சாஸ்ல 2023-ல என்ன நடந்துச்சுன்னும் சொல்லும்மா. மழை பேஞ்சு ஆரம்பத்துலயே சேறு, சக்கரம் சுத்தாம ஃப்ரேம்ல அடைச்சுக்கிட்டு பெரிய பெரிய ரைடருங்களே சைக்கிள தோள்ல தூக்கிட்டு நடந்தாங்க. நம்ம செம்மண் அதுக்கு கொறஞ்சதா? மழை பேஞ்ச மறுநாள் தோட்டத்துல நடந்திருந்தா தெரியும், செருப்புக்கு அடியில ஒரு செருப்பு மண்ணு ஒட்டும். தீபாவளிக்கு முந்துன வாரங்கள்ல சாயந்தரம் சாயந்தரம் இடி மழை, முந்துன நாள் ராத்திரி கொட்டுச்சுன்னா காலைல ஏழரைக்கு காஞ்சா இருக்கும்?

செயின்_கடை:
அண்ணன் சொல்ற சேறு பத்தி ஒரு சின்ன விஷயம். அந்த ஊர் ரைடருங்க பெயிண்ட் கலக்குற தட்டை குச்சிய ஜெர்சி பாக்கெட்டுல வச்சுக்கிட்டு போவாங்க, சேறு அடைச்சா சுரண்டி எடுக்க. ஹார்ட்வேர் கடையில கெடைக்கும், வீட்டுக்கு தீபாவளி பெயிண்ட் வாங்குறப்ப கேட்டு வாங்கிக்குங்க. கியர போட்டு அமுக்கி மிதிக்காதீங்க, சேறு அடைச்ச நேரத்துல மிதிச்சா பின் கியர் தூக்கிக்கிட்டு போயி ஹேங்கர் ஒடையும். ஹேங்கர்ங்கிறது பின் கியர ஃப்ரேமோட பிடிக்கிற சின்ன அலுமினியத் துண்டு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம், எந்த தண்ணி ஸ்டேஷன்லயும் உங்க சைக்கிளுக்கு பொருந்துறது இருக்காது. கெளம்புறதுக்கு முன்னாடியே ஒன்னு வாங்கி பையில போட்டுடணும். கால் நல்லா இருந்தும் பாதியில நிக்கிற ஆளுங்கள்ல நெறைய பேர் நின்னது இதனாலதான்னு என் கடை அனுபவம்.

முள்ளு இன்னொன்னு. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையோட அடிப்பக்கம் முள்ளு வரிசை இருக்கும், ரோட்டு ஓரமா ஓட்டுனா டயர்ல ஏறும். டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) போட்டா உள்ள ஊத்துற சீலண்ட்டுங்கிற திரவம் சின்ன ஓட்டைய அடைச்சிடும், அதுல நெறைய பிராண்டு ரப்பர் பால்லதான் செய்யிறாங்க. சில போத்தல தொறந்தா அமோனியா வாடை மூஞ்சியில அடிக்கும், பால் கட்டியாகாம இருக்க பால் ஸ்டோர்ல ஊத்துவாங்களே அதே அமோனியா. நம்ம சூட்டுல சீக்கிரம் காஞ்சிடும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊத்தணும். குமார் பாஸ், உங்க பழைய ரிம்முக்கு இதெல்லாம் வேணாம், ரெண்டு டியூப் எடுத்துக்குங்க.

வார்டு_அக்கா:
காசு, சைக்கிள், சேறு எல்லாம் பேசிட்டீங்க, வெயில் பத்தி யாரும் பேசல. காலைல ஏழரைக்கு விட்டா 80 ஓட்டுறவங்க மதியம் ஒன்னரை வரைக்கும் வெளில. பெரிய செம்பனைக்கு அடியில நெழல் இருக்கும், சரி. ஆனா 25 வருஷத்துக்கு ஒரு தடவை மரத்த சாய்ச்சு மறுநடவு பண்ணுவாங்க, அந்த ப்ளாக்குல முட்டி அளவு கன்னுதான், கிலோமீட்டர் கணக்கா ஒரு நெழல் கெடையாது. ரூட் மேப்ப வாங்கி சாட்டிலைட் படத்துல வச்சு பாருங்க, அப்படி எடம் கடைசி பாதியில வந்தா அதுதான் ஆபத்து. காத்துல ஈரம் இவ்ளோ இருக்கிறப்ப வேர்வை காயாது, காயலன்னா ஒடம்பு ஆறாது. வேர்வை ஊத்திக்கிட்டு இருக்கிறப்பவே ஹீட் ஸ்ட்ரோக் வரும், வேர்வை நின்னாதான் ஆபத்துன்னு நெனைக்காதீங்க. பேச்சு கொழம்புனா, நடை தள்ளாடுனா ஒடனே நெழல்ல படுக்க வச்சு ஐஸ் தண்ணிய ஒடம்பு பூரா ஊத்தணும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சும்மா நிக்கக் கூடாது.

குமார் தம்பி, ஏதாச்சும் மாத்திரை சாப்புடுறியா?

சிப்புட்_குமார்:
அக்கா, ரத்த அழுத்தத்துக்கு ரெண்டு மாத்திரை. அதுல ஒன்னு தண்ணி மாத்திரைன்னு கிளினிக்ல சொன்னாங்க. இப்ப கண்ட்ரோல்லதான் இருக்கு.

வார்டு_அக்கா:
இதத்தான் முதல்ல எழுதியிருக்கணும் தம்பி. தண்ணி மாத்திரை ஒடம்புல இருக்கிற தண்ணியையும் உப்பையும் வெளியேத்துது, வெயில்ல அஞ்சாறு மணி நேரம் மிதிச்சா வேர்வையில அதே ரெண்டும் போவுது. எழுந்து நின்னா தலை சுத்தும், செம்மண் எறக்கத்துல தலை சுத்துனா என்ன ஆவும்? பயந்துக்கிட்டு வெறும் தண்ணிய போத்தல் போத்தலா குடிச்சா ரத்தத்துல உப்பு இன்னும் எறங்கும், அதுவும் ஆபத்து. ரைடுக்காக மாத்திரைய நீயா நிறுத்துறதும் கூடாது. டாக்டர பாத்து இத்தன மணி நேரம், இவ்ளோ வெயில், இந்த மாத்திரைன்னு வெவரமா சொல்லி, உப்புக்கு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு அப்புறம் பேர் குடு. அதுவரைக்கும் என்னோட பதில் வேணாம்தான்.

80தான்_சரி:
இப்படி பயமுறுத்துனா யாரும் வீட்ட விட்டு வெளில வர மாட்டாங்க அக்கா. 43 வயசுல ஒக்காந்தே இருந்தாதான் பிரஷர் ஏறும். நான் சொன்னது 80 ஒரு லட்சியமா இருக்கணும்னுதான்.

வார்டு_அக்கா:
ஒக்காந்து இருக்கச் சொல்லல தம்பி. ஞாயித்துக்கெழம அவரு ஓட்டுறது அவரு ஒடம்புக்கு நல்லது, தொடரட்டும். வார்டுல நான் பாக்குறது நம்ம ஆளுங்களதான், நாப்பது தாண்டுனா சக்கர வியாதி, பிரஷர், அதுக்கப்புறம் கிட்னி. அதனால ஒருத்தரு மிதிக்கணும்னு ஆசப்பட்டா எனக்கு சந்தோஷம், அவரு பத்திரமா மிதிக்கணும்னுதான் சொல்றேன். மொத தடவையே ஆறு மணி நேரம் வெயில்ல நிக்கிறது லட்சியம் இல்ல.

மலர்_ஈப்போ:
அக்கா சொல்றது சரி. நான் சேருங்கன்னு சொன்னது 40-க்கும் பொருந்தும் குமார் அண்ணே. 40-னா பத்தரை, பதினொன்னுக்குள்ள முடிஞ்சிடும், உச்சி வெயிலும் வராது, சாயந்தர மழையும் வராது. கேட்டு அதே கேட்டுதான், ரோடு அதே ரோடுதான். பேர் குடுக்கிறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் இருக்கா, ஆம்புலன்ஸ் எத்தன, செம்பனைக்குள்ள ஆம்புலன்ஸ் எந்த வழியா வரும்னு நடத்துறவங்களுக்கு மெசேஜ் போட்டு கேளுங்க. பதில் சொல்லாதவங்களுக்கு காசு கட்டாதீங்க, நான் அப்படித்தான் பாப்பேன்.

பால்மரத்தான்:
நாப்பது கிலோமீட்டருக்கு 120 வெள்ளி. இன்னும் எனக்கு மனசு ஒத்துக்கல. எங்க ஆளுங்க ரத்தம் சிந்தி போட்ட ரோடு அது, லயத்த, அதான் தோட்டத்து ஆளுங்க இருந்த வரிசை வீடுங்கள, இடிச்சு ஆளுங்கள வெளியேத்துனதுக்கு அப்புறம் அதே ரோட்டுக்குள்ள போவ நம்ம பிள்ளைங்க டிக்கெட் வாங்கணுமான்னு கேக்கிறேன். இதுக்கு யாரும் பதில் சொல்லல.

மலர்_ஈப்போ:
சொல்றேன் அண்ணே. எங்க பாட்டியும் பால்வெட்டுக்காரிதான். அந்த ரோட்ட மறுபடி பாக்கணும்னா எனக்கு இந்த ஒரு நாள்தான் கெடைக்குது. காசு வாங்குறது ஞாயமா இல்லையான்னு கேட்டா ஞாயம் இல்ல, ஆனா காசு கட்டலன்னா தோட்டத்து கோயிலையும் பழைய லயத்து அஸ்திவாரத்தையும் எம் பிள்ளைக்கு காட்ட எனக்கு வேற வழி இல்ல. போன வருஷம் வேற ஒரு ரைட்ல முனியாண்டி கோயில தாண்டிப் போனோம், எறங்கி திருநீறு வச்சிட்டு ஏறுனேன், பின்னாடி வந்த மலாய்க்காரப் பையன் எனக்காக சைக்கிள பிடிச்சுக்கிட்டு நின்னான்.

பால்மரத்தான்:
கோயிலுக்கு எறங்குன நேரத்தையும் கட் ஆஃப்ல கழிச்சிருப்பானே. சரிம்மா, உன் மனசு புரியுது. என் பேச்ச நான் மாத்தல.

சிப்புட்_குமார்:
டாக்டர பாத்துட்டு வந்தேன், ரத்தம் எடுத்தாங்க, உப்பு சரியா இருக்கு. 80 வேணாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு, 40 போலாம், மெதுவா போ, தலை சுத்துனா எறங்கிடுன்னாரு, மாத்திரைய எந்த நேரத்துல போடணும்னும் எழுதிக் குடுத்தாரு. நடத்துறவங்களும் பதில் போட்டாங்க, இன்சூரன்ஸ் இருக்கு, ரெண்டு ஆம்புலன்ஸ். வீட்டுல 120 வெள்ளிக்கு மொதல்ல மொகம் சுளிச்சாங்க, டாக்டர் சொன்னத சொன்னதும் சரின்னுட்டாங்க. 40-க்கு பேர் குடுத்துட்டேன். கூட வேலை செய்யிற பையன் 80 ஓட்டட்டும். பால்மரத்தான் அண்ணே, கோவிச்சுக்காதீங்க.

பால்மரத்தான்:
கோவம் என்ன தம்பி. நான் காசு கட்ட மாட்டேன், அது வேற. ஆனா செம்மண்ல ஓட்டிப் பாக்காம அன்னிக்கு போய் நிக்காத. ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு மார்க்கெட் பக்கம் வா, ஜாலோங் பக்கம் கேட்டு இல்லாத மண் ரோடு ஒன்னு எனக்குத் தெரியும், எறக்கத்துல பிரேக் எப்படி பிடிக்கணும்னு காட்டுறேன். முன் பிரேக்க மட்டும் அமுக்குனா கல்லுல வழுக்கி விழுவ.

செயின்_கடை:
அதுக்கு முன்னாடி சனிக்கெழம சைக்கிள கடைக்கு கொண்டாங்க பாஸ். பிரேக் கட்டை தேஞ்சிருக்கான்னு பாக்கணும், ஹேங்கரையும் கழட்டிப் பாக்கணும், பழைய மாடல்னா இங்க இருக்காது, ஆர்டர் போட்டா வர நாளாவும்.