புதுப்பிப்பு: லண்டனில் எங்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளை மூடல் – கருத்துக்கேட்பு முடிவு

எங்கள் ஏரியா ஜிபி கிளையை மூடி எல்லாரையும் தலைமை சர்ஜரிக்கு (இங்கே ஜிபி மருத்துவமனையைச் சர்ஜரி என்பார்கள்) மாற்றப் போகிறார்கள், கருத்துக்கேட்புப் படிவத்தில் என்ன எழுதலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. முடிவு வந்துவிட்டது: கிளை இருக்கும், ஆனால் காலையில் மட்டும்.

கையெழுத்து மனு பெரிதாக எடுபடவில்லை. எத்தனை பேர் போட்டாலும் அதை ஒரே பதிலாகத்தான் கணக்கில் எடுத்தார்கள். "மூடாதீர்கள் என்று மட்டும் எழுதாமல், மூடினால் யாருக்கு என்ன கஷ்டம் என்று எழுதுங்கள்" என்று ஒரு அண்ணா சொன்னதுதான் கைகொடுத்தது. அம்மா கைத்தடியோடு இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது ஸ்டாப்பில் உட்கார பெஞ்சு கூட இல்லை என்று எழுதினேன். அந்த பெஞ்சு விஷயம் அறிக்கையில் அப்படியே வந்திருந்தது!

எதிர்பாராத ஒன்று: கிளையை மூட சர்ஜரி விண்ணப்பிக்கத்தான் முடியும், ஒப்புதல் தருவது ஐசிபி, அதாவது அந்தந்தப் பகுதியின் அரசு மருத்துவ சேவைகளைத் திட்டமிடும் வாரியம் (Integrated Care Board). இங்கிலாந்தில் 2022 ஜூலையிலிருந்து இந்த வாரியங்கள்தான் உள்ளன. அதனால் பதிலின் நகலை அங்கேயும் அனுப்புங்கள். கவுன்சிலின் சுகாதார மேற்பார்வைக் குழுவுக்கும் ஒன்று போகட்டும்.

அப்புறம், தமிழில் படிவம் கேட்டேன், தந்தார்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் போல.

கிளை மூடினால் பதிவு போய்விடுமா என்று கேட்டவருக்கு: போகாது, தலைமை சர்ஜரியின் பட்டியலிலேயே இருப்பீர்கள்.