இரண்டு வயதாகியும் கதைக்காத டொச் (ஜெர்மன்) பிள்ளைகள்: கவனித்தவற்றைப் பகிருங்கள்

லோகோபேடி (பேச்சுப் பயிற்சி) துறையிலிருந்து

24 மாதத்தில் 50 சொல்லுக்குக் குறைவு, அல்லது இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதில்லை என்றால், அந்தப் பிள்ளை தாமதமாகப் பேசுகிற கணக்கில் வரும். ஜெர்மனியில் இது பெரும்பாலும் பிடிபடுவது 21 முதல் 24 மாதத்துக்குள் பிள்ளை மருத்துவரிடம் நடக்கும் ஊ-7 என்ற வளர்ச்சிப் பரிசோதனையில். எல்ஃப்ரா-2 என்ற பெற்றோர் படிவத்தில் 260 சொற்கள் இருக்கும். பிள்ளை சொல்வதைக் குறியிட வேண்டும்.

பிழை வருவது எண்ணுவதில்தான். 'பனானெ'யை (வாழைப்பழம்) 'நானெ' என்றாலும், எப்போதும் அதற்கே சொன்னால் அது ஒரு சொல். நாய்க்கு 'வவ்வவ்' என்பதும் சொல். நீங்கள் சொல்லித் திருப்பிச் சொன்னது மட்டும் கணக்கில்லை. 'ஔஃப்' (திறந்து), 'வெக்' (அப்பால்) போன்ற, வினையோடு சேரும் துண்டுகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'இஷ் மாஹெ டீ டூர் ஔஃப்' (நான் கதவைத் திறக்கிறேன்) என்றால் அழுத்தம் விழுவது கடைசி 'ஔஃப்' மேல். பிள்ளையின் காதில் முதலில் ஒட்டுவதும் அதுதான்.

வீட்டில் இரண்டு மொழி என்றால் இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். டொச் சொற்களை மட்டும் எண்ணினால் நன்றாக வளரும் பிள்ளைகூடப் பின்தங்கியதாகத் தெரியும்.

காது பரிசோதனைப் பக்கத்திலிருந்து

மேலே லோகோபேடி அக்கா சொன்ன எண்ணிக்கை குறைந்தால் முதலில் காது. பிறந்தவுடன் செய்யும் செவிப் பரிசோதனை 2009 முதல் ஜெர்மனியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் அதில் தேறியது இரண்டு வயதுக்கு உத்தரவாதம் இல்லை. அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தங்கலாம், பெரும்பாலும் வலியே இருக்காது. கூப்பிட்டால் திரும்புவான், கதவு மணிக்கு ஓடுவான். ஆனால் 'கேஸ்ட்' (போகிறாய்) என்ற சொல்லின் கடைசி 'ஸ்ட்', வேற்றுமை காட்டும் 'டென்', 'டெம்' வித்தியாசம் எல்லாம் மங்கிவிடும். டொச் இலக்கணம் நிறைய இந்தச் சின்ன விகுதிகளில்தான் இருக்கிறது. வாயால் மூச்சு விடுவது, குறட்டை, டிவி சத்தத்தைக் கூட்டுவது கண்டால் 'திரும்புகிறான்தானே' என்று விடாதீர்கள். செவிப்பறை அசைவை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்; ஊசியில்லை, சில நொடிதான்.

கிண்டர்கார்டன் மொழிப் பயிற்சியிலிருந்து

சொல் கூடிய பிறகு கவனிக்க வேண்டியது வினைச்சொல் நிற்கும் இடம். டொச் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் 'மாமா பால் ஹோலென்' (அம்மா, பந்து, எடுக்க) என்று வினையைக் கடைசியில் வைப்பார்கள். பிறகு 'மாமா ஹோல்ட் டென் பால்' (அம்மா பந்தை எடுக்கிறாள்) என்று அது இரண்டாம் இடத்துக்கு ஏறும். விகுதியும் கூடவே வரும். பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டி இது நடந்துவிடும். அதற்குப் பிறகும் வினை கடைசியிலேயே கிடந்தால் காட்ட வேண்டும். தமிழ் வீடுகளில் இது தப்பிப்போவது எனக்கு உண்மையிலேயே கவலை. 'அம்மா பந்து எடு' நமக்குச் சரியான வரிசை. அதே வரிசை டொச்சில் வந்தால் காதில் உறுத்தவே உறுத்தாது.

'டென்', 'டெம்' மாறிப்போவது வேறு. நான்கு வயதிலும் வழக்கம். 'கூ'வை (பசு) 'டூ' என்பதும் சின்ன வயதில் பயப்பட வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது: படப் புத்தகத்தைத் திறந்து, பிள்ளை பார்க்கும் இடத்தை நீங்களும் பாருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். 'ஹுண்ட் லௌஃபென்' (நாய் ஓட) என்றால் 'யா, டேர் ஹுண்ட் லொய்ஃப்ட்' (ஆமாம், நாய் ஓடுகிறது) என்று சரியான வடிவில் திருப்பிக் கொடுங்கள். 'சொல்லு, திரும்பச் சொல்லு' வேண்டாம். கேள்வி மேல் கேள்வியும் வேண்டாம், வாய் மூடிக்கொள்ளும். டொச் தடுமாறும் பெற்றோர் இதையே தமிழில் செய்யுங்கள், முழு வாக்கியமாக.

இதையே பெற்றோருக்குக் கற்பிக்கும் ஹைடல்பெர்க் பயிற்சி இரண்டு மணி நேரம் வீதம் ஏழு அமர்வுகள். 2009-இல் வெளியான ஆய்வில் பயிற்சி பெற்ற பெற்றோரின் பிள்ளைகளில் 75 சதவீதம் மூன்று வயதில் பேச்சில் வயதுக்குரிய நிலைக்கு வந்தார்கள். பயிற்சி பெறாமல் காத்திருந்த குழுவில் 44 சதவீதம். அந்த 44-ஐப் பார்த்துத்தான் 'தானாக வரும்' என்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று 24 மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஊ-7-இல் குறைவு என்று தெரிந்தால் 34 மாதத்தில் வரும் அடுத்த பரிசோதனையான ஊ-7ஆ வரை இருக்காமல், ஆறு மாதத்தில் திரும்ப எண்ணச் சொல்லி அன்றைக்கே தேதி வாங்குங்கள்.