நினைவை அழித்தால் ரோபோவின் குணமும் போய்விடுமா?

கேள்வி: 2005-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் முடிவில் சீ-த்ரீபியோ என்ற ரோபோவின் நினைவை அழிக்கச் சொல்கிறார் செனட்டர் பெயில் ஆர்கனா. ஆனாலும் 1977 படத்தில் அதே பதற்றம், அதே புலம்பல். எப்படி?

பதில் 1: அழிவது நடந்தவற்றின் பதிவு மட்டும்தான். மொழியறிவும் பயந்த சுபாவமும் அடிப்படை நிரலில் இருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். 2019 படத்திலும் ரோபோ மெக்கானிக் பாபு ஃப்ரிக் நினைவை அழித்த பிறகு அதற்கு நண்பர்களை அடையாளம் தெரியவில்லை, பேச்சுத் தோரணை மாறவில்லை. தோழன் ரோபோ ஆர்டூவிடம் இருந்த நகலை ஏற்றியதும் பழைய நினைவு திரும்பியது.

பதில் 2: வால்-ஈ (2008) வேறு மாதிரி. சேதமான வால்-ஈ ரோபோவுக்கு அதன் தோழி ரோபோ ஈவ் சர்க்யூட் போர்டை மாற்றி, வெயிலில் சார்ஜ் ஏறியதும் அது எழுகிறது. ஆசையாகச் சேர்த்த பொருட்களையே நசுக்கிக் கட்டியாக்குகிறது. அதன் குணமே அனுபவத்தில் ஊறியது, அதனால்தான் போர்டோடு போனது. பார்க்கவே மனசு கனக்கும்.

பதில் 3: எந்திரன் (2010) இதற்கு நேரெதிர். சிவப்பு சிப் போட்டதும் சிட்டிக்கு நினைவு அப்படியே இருக்கிறது, சனாவையும் மறக்கவில்லை. குணம்தான் கொடூரமாகிறது. சிப்பைக் கழற்றியதும் பழைய சிட்டி.